ஹோபர்ட்டோட ஏசா

மார்லியின் சமையலறையில் கழுவி வைத்த பாத்திரங்களைத் துடைத்து அடுக்கும்போது, வெல்டாவால் ஒவ்வொன்றின் அடியையும் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு ஊரே சமைத்துக் கொண்டுவரும். பாத்திரம் சொந்த வீடு திரும்பவேண்டுமே என்று அடியில் காகித டேப் ஒட்டிப் பேர் எழுதியிருப்பார்கள். பாதிரியார் மனைவி கோழிக்குழம்பில் மாவு உருண்டை போட்டு அனுப்பியிருந்தாள். வங்கி மேலாளர் வீட்டிலிருந்து பீன்ஸ். பள்ளிக்கூடச் சமையல்காரி என்று வெல்டாவைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிற பல் டாக்டர் பெண்டாட்டிகூட வாழைப்பழப் புட்டிங் அனுப்பியிருந்தாள், கண்ணாடிக் கிண்ணத்தில், மேலே முட்டை நுரை வைத்துப் பொன்னிறமாகச் சுட்டு.

"ஊரே கொட்டுது பாரு," என்றாள் வெல்டாவின் பக்கத்து வீட்டு ஆர்டித், ஓரமாக நின்று அந்தப் புட்டிங்கைக் கரண்டியால் தோண்டிக்கொண்டே. "கவர்னர் செத்தாக்கூட இவ்வளவு மாக்ரோனி வராது."

"வரும். ஆனா டேப் ஒட்ட மாட்டாங்க. பாத்திரம் போனாப் போகுதுன்னு விட்டுருவாங்க."

ஆர்டித் சிரித்தாள். வெல்டா சிரிக்கவில்லை. அவள் சொன்னது வேடிக்கைக்கு அல்ல, எரிச்சலில்.

செத்தது மார்லியின் வயிற்றில் இருந்த பிள்ளை. ஏழாவது மாதம். மார்லி, வெல்டாவின் கணவன் ஹோபர்ட்டுடைய கடைசித் தம்பி ரூடலின் மனைவி. அவளுடைய முதல் புருஷன் கர்ட்டிஸ், மளிகைக்கடைக்கு வெளியே கார் நிறுத்தும் இடத்தில் அவளைக் கீழே தள்ளி வயிற்றிலேயே மிதித்தான். இன்னொருத்தன் பிள்ளையை நீ சுமக்கக் கூடாது என்று கத்திக்கொண்டே மிதித்தானாம். மார்லி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

வெல்டாவுக்கு இது புதிய கதை இல்லை. இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், அவள் மலையடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் கல்லாவில் நின்றபோது, கொள்ளையடிக்க வந்த ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவள் வயிற்றில் இடித்தான். கல்லாவில் இருந்தது இவ்வளவுதானா என்ற கோபம் அவனுக்கு. அவளுக்கும் அது கடைசி மாதங்கள்தான். பிறகு வேறு பிள்ளை தங்கவே இல்லை.

அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்தது ஒரே ஒரு பாத்திரம். உருளைக்கிழங்கு. இரும்புச் சட்டியில், அடியில் டேப் இல்லாமல், வாசல்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிறக்காத பிள்ளைக்குச் சாவுச் சோறு கொண்டுபோவதா வேண்டாமா என்று ஊருக்குத் தெரியவில்லை. கொண்டுவந்தவளுக்கும் தான் செய்தது சரியா என்று தெரியாமல்தான் பேர் ஒட்டாமல் விட்டிருக்கவேண்டும். அந்தச் சட்டி இன்னும் வெல்டாவிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஆள் தெரியவில்லை.

கோர்ட்டிலும் அப்படித்தான். கொள்ளைக்கு ஒரு தண்டனை, அவளை அடித்ததற்கு ஒரு தண்டனை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. "மூச்சு விடாத ஒண்ணை சட்டம் ஆள்னு சொல்லாது, அம்மணி," என்றார் அப்போதைய நீதிபதி. மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் அது இத்தனை காலம் நெஞ்சில் நின்றது. திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

இப்போது சட்டம் மாறிவிட்டது. வயிற்றுப் பிள்ளையைக் கொன்றாலும் கொலை கொலைதான் என்று கென்டக்கியில் சட்டம் வந்து இரண்டு வருஷம். கர்ட்டிஸ் மேல் கொலை வழக்கு. பத்திரிகையில் முதல் பக்கம்.

ரூடல் உள்ளே வந்தான். கண் வீங்கியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எதை எடுக்க வந்தோம் என்று மறந்து, மூடினான்.

"அண்ணி, பேர் வச்சாச்சு. இறுதிச் சடங்குக்குப் பேர் வேணும்ல. வழக்குக்கும் வேணுமாம்."

"என்ன பேரு?"

"ஏசா. எங்க அப்பாவோட அப்பா பேரு. வீட்டுல இன்னும் யாருக்கும் வைக்கலை பாருங்க."

வெல்டா பல் டாக்டர் வீட்டுக் கிண்ணத்தைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். ஆர்டித், "நல்ல பேருப்பா, வேதாகமத்துல வர்ற பேரு," என்றாள்.

அது அவள் பிள்ளையின் பெயர்.

யாரிடமும் சொன்னதில்லை, ஹோபர்ட் ஒருவனைத் தவிர. குடும்பக் கல்லறையில், மேட்டின் ஓரத்தில், ஆற்றிலிருந்து எடுத்துவந்த வெறும் கல் ஒன்றை நட்டு வைத்துவிட்டு இறங்கும்போது சொன்னாள். எழுத்து வெட்டாத கல். பிறப்புச் சான்றும் இல்லை, இறப்புச் சான்றும் இல்லை. அப்புறம் எதை வைத்துப் பேர் வெட்டுவது என்று அன்றைக்கு இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வண்டியில், அவள் கேட்டாள். "ரூடலுக்கு அந்தப் பேரை யாரு எடுத்துக் கொடுத்தா?"

ஹோபர்ட் சாலையைப் பார்த்தான். சுரங்கத்தில் முதுகைத் தொலைத்தவன். பேச்சில் சிக்கனம். "என்கிட்ட கேட்டான். தாத்தா பேரு யாருக்காவது வச்சிருக்கான்னு."

"நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னேன்."

"இல்லைன்னியா."

"வெல்டா, நீயே அதைப் பத்திப் பேசி எத்தனையோ வருஷமாச்சு. நீ மறந்துட்டன்னு நெனச்சேன். பேரு சும்மாதானே கிடக்குதுன்னு..."

"சும்மா கிடக்குதா? கொல்லையில கிடக்கிற பழைய டயரா அது, தம்பிக்குத் தூக்கிக் கொடுக்கிறதுக்கு?"

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ஹோபர்ட்டுக்குச் சோளரொட்டியின் கருகிய பக்கம் வந்தது. அவன் அதைப் பேசாமல் தின்றான். அதற்கடுத்த வாரமும் தின்றான்.

குளிர்காலம் முழுக்க வெல்டாவுக்கு அந்தப் பேர் எங்கே போனாலும் எதிரே வந்தது. சபையில் ஜெப வேளையில் "சின்ன ஏசாவுக்காக" என்றார்கள். பத்திரிகையில் வந்தது. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், வரிசையில் நின்ற ஆசிரியைகள் சட்டையில் ஒரு வெள்ளை ரிப்பன் குத்தியிருந்தார்கள். மசித்த உருளைக்கிழங்கைத் தட்டில் போட்டுக்கொண்டே வெல்டா, "என்ன அது, பண்டிகையா?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே. "உங்க கொழுந்தன் வீட்டுக் குழந்தைக்குத்தான், வெல்டா!" என்று அந்தப் பெண் கண் கலங்கினாள். வெல்டா அவள் தட்டில் குழம்பைக் கொஞ்சம் குறைத்து ஊற்றினாள்.

தனக்கே இது அசிங்கம் என்று தெரிந்தது. செத்த பிள்ளையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற பெண்பிள்ளை உலகத்தில் உண்டா? ஆனால் பொறாமை வந்தது. கறிவேகும் வாசனை மாதிரி, ஜன்னலை மூடினாலும் வந்தது. மார்லிக்கு ஒரு சட்டம் கிடைத்தது. ஒரு ஊர் கிடைத்தது. அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டில் எங்கே உட்காரவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். வெல்டாவுக்குக் கிடைத்தது ஒரு சட்டி உருளைக்கிழங்கு.

இதில் பெரிய தொல்லை, மார்லி வேறு யாரிடமும் ஒட்டாமல் வெல்டாவிடம் ஒட்டிக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்துவிடுவாள். காபியை ஆறவிட்டு, பிறகு ஆறிப்போச்சு என்று வருத்தப்படுவாள்.

"அக்கா, ரூடல் சொன்னாரு. உங்களுக்கும் இப்படித்தான் ஆச்சுன்னு. எப்படிக்கா தாங்குனீங்க?"

"தாங்குனேன்னு யாரு சொன்னா?"

மார்லி முதல்முறையாகச் சிரித்தாள். அழுகையும் சேர்ந்து வந்தது. வெல்டா எழுந்து போய் வேண்டுமென்றே பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். இந்தப் பெண்ணை வெறுக்கவும் வாகாக இல்லையே என்று கோபம்.

ஏப்ரலில் கர்ட்டிஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை சொல்ல மே மாதத்தில் ஒரு நாள் குறித்தார்கள். அதற்கு அடுத்து வருகிற ஞாயிறு, கல்லறை ஞாயிறு. வருஷத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் குடும்பம் முழுக்க மலையேறி, புல் வெட்டி, எல்லாக் கல்லுக்கும் பூ வைத்து, கல்லறை ஓரத்திலேயே துணி விரித்துச் சாப்பிடும். ரூடல் அதற்குள் கல் வைத்துவிட நினைத்தான்.

"பளிங்குல, அண்ணா," என்று ஹோபர்ட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "மேல படுத்த மாதிரி ஒரு ஆட்டுக்குட்டி. கீழ ஏசான்னு பெருசா. அடுத்த வாரம் எழுத்து வெட்டுறான்."

வெல்டா அடுப்படியிலிருந்து கேட்டாள். பேர் கல்லில் ஏறிவிட்டால் முடிந்தது. வெட்டுகிறதற்கு முன்னால் கேட்டுவிடவேண்டும்.

"நாளைக்கு மார்லிகிட்டச் சொல்லப்போறேன்," என்றாள், ரூடல் போனதும். "அது என் பிள்ளை பேரு. வேற பேரு பாத்துக்கன்னு."

"வேணாம் வெல்டா."

"நீ பேசாத. பேசவேண்டிய நேரத்துல இல்லைன்னு சொன்னவன் நீ."

"அந்தப் பொண்ணுக்கு இப்ப அந்தப் பேரைத் தவிர வேற ஒண்ணுமில்லை."

"எனக்கு மட்டும்? எனக்கு என்ன இருக்கு, மாட்டுப்பண்ணையா?"

மறுநாள் போனாள். மார்லி படியில் உட்கார்ந்து காத்திருந்தாள். வெல்டா வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, தண்டனை சொல்ற அன்னைக்கு நீதிபதி முன்னால நான் பேசலாமாம். என்ன போச்சுன்னு நானே சொல்லலாமாம். எனக்குக் கால் நடுங்கும். ரூடல் நின்னா கர்ட்டிஸ் மேல பாய்ஞ்சிருவாரு. நீங்க பக்கத்துல நிக்கிறீங்களா?"

வெல்டா சொல்ல வந்ததை விழுங்கினாள். நிற்கிறேன் என்றாள். திரும்பி வரும்போது தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். கல் வெட்டுகிறவன் சொன்னபடியே அடுத்த வாரம் வெட்டி முடித்துவிட்டான்.

அதே கோர்ட் கட்டடம். அதே மாடி. நாற்காலிக்கு மட்டும் புதுத் துணி போட்டிருந்தார்கள். நீதிபதி இப்போது ஒரு பெண், வெல்டாவைவிட வயது குறைந்தவள். அவள் தாளைப் பார்த்து வாசித்தாள்: "பிறவாத குழந்தை ஏசாவைக் கொன்ற குற்றம்." நடுக்கூடத்தில், கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் எழுதிக்கொள்ள, உரக்க வாசித்தாள். வெல்டாவுக்குக் காது அடைத்தது. தன் வீட்டுத் தட்டில் தனக்கென்று எடுத்துவைத்ததை, கண்ணெதிரே இன்னொருத்திக்குப் பரிமாறியதுபோல் இருந்தது.

மார்லி எழுந்தாள். வெல்டா பக்கத்தில் நின்றாள். கர்ட்டிஸ் தலை நிமிரவில்லை. மார்லி தொட்டிலைப் பற்றிச் சொன்னாள். ரூடல் அதற்கு நீலச்சாயம் பூசி, அது பச்சையாகக் காய்ந்துபோனதைச் சொன்னாள். யாரோ லேசாகச் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். "எங்க பையன்..." என்றாள். "எங்க பையன் பேரு..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

நீதிபதி காத்திருந்தாள். பிறகு மெல்ல, "கூட நிக்கிறவங்க அவங்களுக்காகச் சொல்லலாம்," என்றாள்.

வெல்டா தொண்டையைச் செருமினாள். வெளியே, ஆட்கள் நடுவில், அந்தப் பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சபையில் எல்லாரும் சொன்னபோதும் அவள் உதட்டை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏசா," என்றாள். "அவன் பேரு ஏசா."

ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "உங்க பேரு சொல்லுங்க. குழந்தைக்கு என்ன உறவு?"

"வெல்டா. அம்மா."

விசைகள் தட்டிய சத்தம் கேட்டது. நின்றது. மார்லியின் முகம் அவள் பக்கம் திரும்பியது. வெல்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்தெல்லாம் சூடேறிற்று.

"பெரியம்மா," என்றாள். "பெரியம்மாங்க."

"ரெண்டுல எதைப் போட?" என்று தட்டச்சுக்காரி நீதிபதியைப் பார்த்தாள்.

நீதிபதி வெல்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பின்னால சொன்னதைப் போடுங்க," என்றாள்.

கர்ட்டிஸுக்கு இருபது வருஷம் கிடைத்தது. ரூடல் அது போதாது என்று மாடிப்படியில் உறுமிக்கொண்டே இறங்கினான், ஹோபர்ட் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு. வெளியே வண்டி நிறுத்தியிருந்த இடம் வந்ததும், மார்லி வெல்டாவின் கைப்பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"அக்கா. உங்க பையனுக்கும் அதே பேரா?"

பொய் சொல்ல வெல்டா ஒரு வினாடி யோசித்தாள். "ஆமா."

"நாங்க பேரு வைக்கிறதுக்கு முன்னாடியா?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடி. நீ பாவாடை கட்டித் திரிஞ்ச காலத்துக்கு முன்னாடி."

"ஏன்க்கா சொல்லலை? நான் மாத்திருப்பேனே!"

"சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன். நீ கால் நடுங்குதுன்ன."

மார்லி வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்பவும் மாத்திரலாம். ரூடல்கிட்டச் சொல்றேன். கல்லைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற..."

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் வெல்டா ஏழு மாதமாக உள்ளுக்குள் வெந்தாள். எத்தனையோ முறை பாத்திரம் கழுவும்போது மார்லி இதைச் சொல்வதுபோலவும், தான் பெருந்தன்மையாக யோசிப்பதுபோலவும் நினைத்துப் பார்த்திருக்கிறாள். இப்போது அவளே சொல்லிவிட்டாள். வெல்டாவுக்கு அதில் ருசியே இல்லை. மாற்றினால் மாற்றியதுதான். அப்போது சற்றுமுன் கோர்ட்டில் சொன்ன பேர் யாருடையது?

"வேணாம்," என்றாள். "நீதிபதி வாசிச்சாச்சு. இனிமே அவன் ஏசாதான்."

"அப்ப உங்களுது?"

"என்னுதும் ஏசாதான். நான் என்ன, பேரைத் தொலைச்சுட்டேனா? கல் வெட்டுறவன்கிட்டச் சொல்லி எனக்கும் ஒண்ணு வெட்டச் சொல்லு. சின்னதா போதும். ஆட்டுக்குட்டி கீட்டுக்குட்டி ஒண்ணும் வேணாம்."

"ஒரே மேட்டுல ரெண்டு ஏசாவா?"

"மூணு. பழைய கிழவர் ஒருத்தர் மேலே படுத்திருக்காரே."

மார்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். வெல்டா கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டை எடுத்து அவள் மூக்கைத் துடைக்கக் கொடுத்தாள். "இன்னும் ஒண்ணு," என்றாள். "என்னுது மூத்தவன். அதை மறந்துராத."

கல்லறை ஞாயிறன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. ஹோபர்ட், முதுகு வலிக்க வலிக்க, ஆற்றுக்கல்லைச் சுற்றி மண்ணைக் கிளறி, அதன் முன்னால் புதுக்கல்லைப் பதித்தான். ஆற்றுக்கல்லை எடுக்கவா என்று கேட்டான். எடுத்தால் கையை ஒடிப்பேன் என்றாள் வெல்டா. அவன் தலையாட்டிவிட்டு மண்ணை அழுத்தினான். அழுத்தி முடித்தும் அங்கேயே மண்டியிட்டுக் கிடந்தான், எழுந்திருக்க முடியாதவன் மாதிரி. வெல்டா கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். அந்தக் கருகிய ரொட்டிக்கு அதோடு முடிவு.

பாதிரியார் கல் கல்லாக நடந்து பேர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பேருக்கும் சொந்தக்காரர் ஒருவர் பூ வைப்பார். மேலே படுத்திருந்த கிழவர் ஏசாவுக்கு ஹோபர்ட் வைத்தான். பாதிரியார் இரண்டு அடி எடுத்து வைத்து, "ஏசா," என்றார். மறுபடி குனிந்து பார்த்தார். அங்கே ஒரு கல், இங்கே ஒரு கல். குழம்பிப்போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "சிஸ்டர் வெல்டா, இதுல எந்த ஏசா முதல்ல?"

கூட்டத்தில் எல்லாரும் திரும்பினார்கள். ஆர்டித் கோழித்துண்டோடு பாதியில் நின்றாள். ரூடல் அண்ணியைப் பார்த்தான். மார்லி தரையைப் பார்த்தாள்.

"மூத்தவன் முதல்ல," என்றாள் வெல்டா. "ஹோபர்ட்டோட ஏசா. அப்புறம் ரூடலோட ஏசா."

"ஹோபர்ட்டோட ஏசா," என்றார் பாதிரியார், சபையில் சொல்வதுபோல் உரக்க. எல்லாரும் ஆமென் என்றார்கள். வெல்டா குனிந்து பூ வைத்தாள். மெழுகில் தோய்த்த காகிதப் பூ, அவளே செய்தது. குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் செய்ய ஆரம்பித்தது, யாருக்கென்று சொல்லிக்கொள்ளாமல்.

அப்புறம் துணி விரித்துச் சாப்பாடு. வெல்டா உருளைக்கிழங்கைப் பழைய இரும்புச் சட்டியிலேயே கொண்டுவந்திருந்தாள். ஆளாளுக்குப் போட்டுக்கொண்டார்கள். ஆர்டித் மட்டும் சட்டியைக் கண்டதும், தொலைத்த பொருளைக் கண்டவள்போல், கொஞ்சம் தயங்கினாள். தலையைச் சாய்த்து அதன் அடியைப் பார்த்தாள். வெல்டாவையும் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல், பெரிய கரண்டியாகப் போட்டுக்கொண்டாள்.

வெல்டா சாப்பிடாமல் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் மார்லியின் கல் பளபளத்தது. மேலே ஆட்டுக்குட்டி காலை மடக்கிப் படுத்திருந்தது. காது ரொம்ப அழகாக வந்திருந்தது.

"நல்லாத்தான் இருக்குது, அந்த ஆட்டுக்குட்டி," என்றாள்.

"நீதானே வேணாம்ன," என்றான் ஹோபர்ட்.

"தெரியும். பேசாம கோழியைத் தின்னு."